அம்மாவின் ஞாயிறு

திருவெண்ணெய்நல்லூரிலிருந்து எங்கள் அன்னையர் பலர் நாள்தோறும் விழுப்புரத்துக்குப் பேருந்தில் வேலைக்குச் செல்கின்றனர். ஞாயிறு வந்தால் நாங்கள் சாத்தனூர் அணை (வறுத்த மீன் கிடைக்குமே!), செஞ்சிக்கோட்டை என்று நச்சரிப்போம். 2025-இல் கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றபின் நச்சரிப்பு இன்னும் கூடிவிட்டது. ஆனால் விடியுமுன் எழுந்து புளிச்சாதம் கட்டுபவர் யார்? திரும்பி வந்து வாரத் துணியெல்லாம் துவைப்பவர் யார்? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தொழிலாளிக்கு வாரம் ஒருநாள் விடுமுறை அளித்தது. அடுப்படிக்கு அச்சட்டம் வரவில்லை.

சீருடையைச் சனிக்கிழமையே நாங்கள் துவைத்தால் என்ன? அப்பாவும் தம்பியும் பாத்திரம் துலக்கினால் குறைந்தா போவார்கள்? சென்ற மாதம் எங்கள் வீட்டில் அப்படிச் செய்து பார்த்தோம். செஞ்சிக்குப் போகவில்லை. மாலையில் அம்மாவுடன் தென்பெண்ணைக் கரையில் அமர்ந்திருந்தோம். பேசிக்கொண்டே அம்மா உறங்கிவிட்டார். நாங்கள் எழுப்பவில்லை.