ஆற்றங்கரை மண்டபம் யாருக்குச் சொந்தம்?

சின்ன வயதில் குளித்துப் பழகிய தாமிரபரணிப் படித்துறைக்குப் போன மாசியில் போயிருந்தேன். நாலுகால் மண்டபத்தின் கூரைக் கல்லைப் பிளந்துகொண்டு அரசமரம் ஆளுயரத்துக்கு நிற்கிறது. தூணில் செதுக்கிய மீனை அதன் வேர் பாதி மூடிவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் பெயர்ந்த உத்தரக் கல் இன்னும் மணலில் குப்புறக் கிடக்கிறது. கீழ்ப்படியில் இறங்கினால் காலில் சேலை சுற்றுகிறது. யாரோ பரிகாரம் முடித்து ஆற்றோடு விட்டது.

துணி துவைத்துக்கொண்டிருந்த ஆச்சி நிமிர்ந்து பார்த்தார். “எய்யா, இந்த மண்டபம் யாருக்குன்னு கேட்டா ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டக்கான்.”

மனுவோடு மூன்று அலுவலகங்கள் ஏறி இறங்கினேன். ஆறு எங்களுடையது, கட்டடம் இல்லை என்றார்கள் ஓரிடத்தில். கோயில் சொத்துப் பதிவேட்டில் இல்லையே என்றார்கள் இன்னோர் இடத்தில். பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் வராது என்று மூன்றாவது இடத்தில் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும்வரை, ஏறத்தாழ 128 கிலோமீட்டரும் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடும் ஆறு இது. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள், திருப்புடைமருதூர், நவதிருப்பதிக் கோயில்கள் என்று கரையோரம் முழுக்க மனிதர் கைபட்ட கல். ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் 1876-ல் ஜெர்மானிய ஆய்வாளர் ஜாகோர் தோண்டினார். பிறகு தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ வந்தார். இன்று அங்கே கண்ணாடித் தளத்துக்குக் கீழே முதுமக்கள் தாழிகளைப் பார்க்கலாம். சிவகளைத் தாழியில் கிடைத்த நெல் ஏறத்தாழ 3,200 ஆண்டுகள் பழையது என்று ஆய்வில் தெரிந்தபோது ஊரே பூரித்தது; நானும்தான். மண்ணுக்குள் கிடப்பதற்குக் கண்ணாடி போட்டுக் காக்கத் தெரிந்த நமக்கு, மண்ணுக்கு மேலே நிற்பதைக் காக்க மனம் வரவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

இந்த மண்டபங்கள் பெரிய கோபுரங்கள் அல்ல. தீர்த்தவாரிக்கு வரும் சாமி இறங்குகிற இடம், வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்குகிற இடம், ஈமக்கடன் செய்கிறவர்கள் உட்காருகிற இடம். 2018 புஷ்கர நீராடல் விழாவின்போது கரையெங்கும் கூட்டம் அலைமோதியது. கூட்டம் கலைந்ததும் படிகளை மறந்துவிட்டோம். சாக்கடை கலப்பதற்கும் மண்டபங்கள் சிதைவதற்கும் எதிராக உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்குப் போன பிறகும், பல படித்துறைகளின் கதி மாறவில்லை.

கேட்பது பெரிதொன்றும் இல்லை. பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை ஒவ்வொரு மண்டபத்தையும் படித்துறையையும் எண்ணிட்டுப் பதிவு செய்யுங்கள். எந்தத் துறை பொறுப்பு என்று திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர்கள் சேர்ந்து எழுத்தில் முடிவுசெய்யட்டும். அதை அந்தந்தப் படித்துறையில் பலகையாக வைக்கட்டும். பரிகாரத் துணியை ஆற்றில் விடாமல் கரையிலேயே வாங்கிக்கொள்ள ஆள் போடுங்கள். சாக்கடை வாய்களை அடையுங்கள். பழுது பார்க்கிறோம் என்று சிமெண்ட் பூசிவிடாமல், சுண்ணாம்புச் சாந்து தெரிந்த ஸ்தபதிகளைக் கூப்பிடுங்கள்.

அரசங்கன்று விரல் பருமனில் இருக்கும்போதே பிடுங்கிவிட்டால் கல் பிழைக்கும். வேர் உள்ளே இறங்கிவிட்டால் மண்டபத்தையே பிரித்துக் கட்ட வேண்டும். எங்கள் படித்துறையில் விழுந்த உத்தரக் கல் இன்னும் உடையாமல்தான் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் யாராவது வந்து அதைத் தூக்கிக் கரையேற்றுங்கள்.