ஆண்டு எப்போது நிறைவடைகிறது?

இன்று பல கடைகளில் கணக்கு கணினியிலேயே எழுதப்படுகிறது. இரு தேதிகளுக்கு இடைப்பட்ட காலத்தைக் கணித்துத் தருவதற்கென்றே ஆயத்த நிரல் தொகுப்புகள் உள்ளன. நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளாக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிப்பதே பெரும்பாலும் அவற்றின் வேலை. நாட்களைச் சொல்வதில் பிழையில்லை. 'ஓராண்டு ஆயிற்றா?' என்று கேட்கும்போதுதான் சிக்கல்.

ஒருவருடைய செல்வம் ஹிஜ்ரி 1445 ரமளான் முதல் பிறையில், அதாவது 2024 மார்ச் 12 அன்று, நிஸாபை அடைந்ததாகக் கொள்வோம். 1446 ரமளான் முதல் பிறை நம் நாட்டில் 2025 மார்ச் 2. இடையில் 355 நாட்கள், ஜகாத் கடமையாகிவிட்டது. கணினியோ '11 மாதம் 18 நாள்' என்கிறது! பத்து நாள்தானே என்பீர்கள். 33 ஆங்கில ஆண்டுகள் கழிவதற்குள் 34 ஹிஜ்ரி ஆண்டுகள் கழிந்துவிடும். ஏழையின் ஓராண்டு உரிமை நம் பெட்டியிலேயே தங்கிவிடும்.

ஜாவா எனும் கணினி மொழியில் 2014 முதல் ஹிஜ்ரிக் கணக்கும் உண்டு. ஆனால் அது ஸவூதியின் உம்முல் குரா நாட்காட்டி. மேற்சொன்ன இரு ரமளான்களும் அதில் ஒரு நாள் முந்தியே தொடங்கின. ஆகவே, நிஸாப் நிறைந்த பிறையைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஆங்கில ஆண்டுக் கணக்கை விட இயலாத வணிகர்கள் இரண்டரைக்குப் பதிலாக 2.577 விழுக்காடு கொடுக்கலாம் என்பது இக்கால அறிஞர்கள் சிலரின் கருத்து.