பழைய காரும் ஈயப் பெற்றோலும்

பேராதனையில் என்னோடு படித்து, பின்னர் இலண்டனில் குடியேறிவிட்ட நண்பர் ஒருவரிடம் 1969ஆம் ஆண்டு தயாரிக்கப்பட்ட எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. அண்மையில் தொலைபேசியில் பேசியபோது மனிதர் பெரும் ஆத்திரத்தில் இருந்தார். காருக்குள் பெற்றோல் நெடி வீசியதாகவும், முன்மூடியைத் திறந்து பார்த்தபோது இறப்பர்க் குழாயொன்று வெடித்துக் கசிந்துகொண்டிருந்ததாகவும் சொன்னார். "ஐசே, ஈயப் பெற்றோல் விற்ற காலத்தில் இந்தத் தொல்லை இருந்ததா, சொல்லும் பார்ப்பம்" என்று என்னிடமே கேள்வி வேறு.

அவருடைய கோபம் நியாயமானதே. ஆனால் அது பாயவேண்டிய இடம் வேறு.

பிரித்தானியாவில் சாதாரணப் பெற்றோலில் 10 சதவீதம் வரை எதனோல் கலக்கும் முறை 2021 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2002க்கு முந்திய வாகனங்கள் பலவற்றுக்கு அது ஒத்துவராது என்று அரசாங்கமே எச்சரித்தது. எதனோல் பழைய இறப்பரை இளக்கி வெடிக்கச் செய்யும்; ஈரத்தையும் உறிஞ்சும். குளிர்காலம் முழுவதும் கராஜில் உறங்கும் காரின் தாங்கியில் அந்த ஈரம் துருவாகும். எம்.ஜி.பி.யில் காபுரேற்றர்கள் இரண்டும் சூடேறிய புகைபோக்கிக் குழாய்க்கு நேர்மேலே அமைந்தவை. அங்கே கசியும் பெற்றோல் எதன்மீது சொட்டும் என்பதை விளக்கத் தேவையில்லை. எதனோல் 5 சதவீதத்தைத் தாண்டாத 97 ஒக்டேன் பெற்றோல் அதே நிலையத்தில் சில பென்ஸ் கூடுதல் விலையில் கிடைக்கிறது. அந்தச் சில பென்ஸைத்தான் நண்பர் மிச்சம் பிடித்திருக்கிறார்.

ஒக்டேன் கூடினால் வேகமும் கூடும் என்ற நம்பிக்கை கொழும்பிலும் உண்டு. அந்த எண் பெற்றோலின் வலுவை அளப்பதன்று. அழுத்தத்தில் தானாகத் தீப்பற்றாமல் அது எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதையே காட்டுகிறது. எம்.ஜி.பி.யின் 1798 கன சென்ரிமீற்றர் இயந்திரம் இருவகையாக வந்தது. ஒன்றின் அமுக்க விகிதம் 8.8; மற்றது தரங்குறைந்த பெற்றோல் விற்கும் நாடுகளுக்கென 8.0 விகிதத்தில் செய்யப்பட்டது. இயந்திர இலக்கத்தில் உள்ள 'எச்' அல்லது 'எல்' என்ற எழுத்து எது எதுவென்று சொல்லிவிடும். நண்பருடையது 'எச்'. ஆகவே அவர் 97ஐ நிரப்புவது ஆடம்பரமாகாது. 'எல்' வைத்திருப்பவர் உயர்ந்த ஒக்டேனுக்கென்றே பணம் கொடுத்தால் அது வீண்செலவு.

இனி ஈயத்துக்கு வருவோம். இந்தப் பழைய இயந்திரங்களில் வால்வு அமரும் இருக்கை வார்ப்பிரும்பிலேயே வெட்டப்பட்டது. ஈயம் அதன்மேல் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது உண்மைதான். ஆனால் அதற்குப் பரிகாரம் உண்டு: கடினப்படுத்திய உருக்கு வளையங்களை ஒருமுறை பொருத்திவிட்டால் ஈயத்தின் தேவையே அற்றுவிடும்.

பெற்றோலில் கலக்க உகந்ததென்று தோமஸ் மிட்ஜ்லி 1921இல் அமெரிக்காவில் கண்டறிந்த அந்தச் சேர்மம் வீதியோரத்துக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. அதற்கு எந்தப் பரிகாரமும் இருக்கவில்லை. பிரித்தானியா 2000ஆம் ஆண்டு பிறந்தபோது அதனைக் கைவிட்டது. இலங்கை 2002இலும், கடைசி நாடான அல்ஜீரியா 2021இலும் விட்டொழித்தன. காலி வீதியின் புகையில் பஸ்ஸுக்குக் காத்துநின்றே பத்திரிகைத் தொழில் பார்த்தவன் நான். ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்காக அந்த நஞ்சைப் புகழ்வதை, நண்பர் என்பதற்காக என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. சொல்லியும் விட்டேன்.

இரண்டு வாரம் பேச்சில்லை. பிறகு அவரே அழைத்தார். எதனோலைத் தாங்கும் புதிய குழாய்கள் பொருத்தியாகிவிட்டதாம். வால்வு வேலை குளிர்காலத்தில் நடக்குமாம். ஈயத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.