பேக்ஸ்லாஷை அப்புறம் பார்த்துக்கலாம்னு விடாதீங்க

ஹாஸ்கெல் லேப்ல ஜேசன் பார்ஸர் எழுதச் சொன்னா நம்மில் பலர் என்ன செய்கிறோம்? நம்பர், அரே, ஆப்ஜெக்ட் எல்லாம் முடித்துவிட்டு, ஸ்ட்ரிங்குக்குள் வரும் எஸ்கேப்பை மட்டும் "கடைசியில ரீப்ளேஸ் போட்டுக்கலாம்" என்று தள்ளிவைக்கிறோம். நானும் அப்படித்தான். டெமோ அன்னிக்கு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

என் பார்ஸர் மேற்கோள்குறி வந்தால் நிற்கும். அதற்கு முன்னால் \ இருந்தால் மட்டும் நிற்காது. "அவன் \"சரி\" என்றான்" சரியாக வந்தது. மேம் "முடிவு\\" என்று கொடுத்தாங்க. இங்கே கடைசி \ மேற்கோள்குறிக்குச் சொந்தமில்லை, முந்தைய \-க்கு ஜோடி. அது தெரியாமல் என் பார்ஸர் இன்புட் தீரும்வரை ஓடியது.

ரீப்ளேஸும் காப்பாற்றாது. \, \, டி என்று மூன்று கேரக்டர் வருதுன்னு வைங்க. அர்த்தம்: ஒரு \, ஒரு டி. டேபை முதலில் மாற்றினால் இரண்டாவது \-உம் டி-யும் சேர்ந்து டேப் ஆகும். \\-ஐ முதலில் மாற்றினால், மிஞ்சும் \-உம் டி-யும் அடுத்த ரவுண்டில் டேப் ஆகும். எந்த வரிசையிலும் தப்புதான்!

என் கருத்து இதுதான்: எஸ்கேப் என்பது கடைசியில் செய்யும் கிளீனிங் வேலை இல்லை, அது கிராமரின் பகுதி. \-ஐப் பார்த்ததும் அடுத்த கேரக்டரையும் சேர்த்து ஒரே யூனிட்டாக எடுங்க. பார்செக்கில் இரண்டே சின்ன பார்ஸர் போதும். ஒன்று எஸ்கேப்புக்கு, மற்றொன்று மேற்கோள்குறியும் \-உம் தவிர்த்த சாதாரண கேரக்டருக்கு. இரண்டையும் <|> போட்டு இணைத்து, 'மெனி'க்குள் வைத்தால் வேலை முடிந்தது. திரும்பிப் பார்க்கவே வேண்டாம்.

\-க்குப் பிறகு வரக்கூடியவை ஜேசனில் ஒன்பதுதான்: எட்டு தனி கேரக்டர், பிறகு நான்கு ஹெக்ஸ் இலக்கத்தோடு வரும் யு. வேறு எது வந்தாலும் எரர் கொடுங்க. 'ட்ரை' போட்டு, சாதாரண கேரக்டரில் \-ஐயும் அனுமதித்தால் தப்பான இன்புட் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும்.

இன்னொன்று. டெஸ்ட் இன்புட்டைத் தனி ஃபைலில் வைங்க. ஹாஸ்கெல் கோடுக்குள் இரண்டு \ வேண்டுமென்றால் நான்கு அடிக்கணும். தப்பு பார்ஸர்லயா டெஸ்ட்லயான்னே தெரியாது.

சப்மிட் பண்றதுக்கு முன்னாடி "முடிவு\\" ஒருமுறை ஓட்டிப் பாருங்க. உங்க மேம் கேட்கிறதுக்கு முன்னாடி நீங்களே கேட்டுடலாம்.