ஈரச் சாலையும் தேய்ந்த டயரும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்தை அடுத்துள்ளது வடக்குப்பட்டு என்னும் சிற்றூர். 2022ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே அகழாய்வு நடத்தியபொழுது, பழங்காலக் கற்கருவிகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. இரும்பை அறியாத அக்காலத்து மக்கள் கல்லைச் சீவிக் கூராக்கிக் கருவியாகக் கொண்டனர். கூர் மழுங்கினால் மீண்டும் சீவுவர். சீவ இடமில்லையாயின் எறிந்துவிட்டு வேறொன்று செய்துகொள்வர். மழுங்கிய கல்லை வைத்துக்கொண்டு வேட்டைக்குப் புறப்படலாகாது என்பதை அவர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை.

இன்று அவ்வூரைச் சூழ்ந்துள்ள நிலம் தொழிற்சாலைகளின் நிலம். 1955இல் சென்னைத் திருவொற்றியூரில் கால்கொண்ட என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழில், இப்பொழுது ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் பெருகி நிற்கிறது. அதே ஒரகடத்தில் அப்பல்லோ நிறுவனத்தின் டயர்த் தொழிற்சாலையும் இயங்குகிறது. வண்டியும் டயரும் பிறக்கும் இந்நிலத்திலேயே, மொட்டையாய்ப் போன டயரோடு வேலைக்கு வருவோரைக் காண்பது அரிதன்று. கையில் பொருள் இல்லாமை அதற்கு ஒரு காரணம். அதனினும் வலிய காரணம், ‘ஓடுகிற வரையில் ஓடட்டும்’ என்னும் எண்ணம். இவ்வெண்ணம் பிழையானது. ஏனெனில், டயர் ஓடுவதற்கு மட்டும் அமைந்ததன்று. வேண்டிய இடத்தில் நிற்பதற்கும், வேண்டிய பக்கம் திரும்புவதற்கும் அமைந்தது. தேய்ந்த டயர் நன்றாகவே ஓடும். நிற்க வேண்டிய நொடியில்தான் அது கைவிடும்.

மோட்டார் சைக்கிள் சாலையைத் தொடும் இடம் மிகச் சிறிது. ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே தரையில் படிகிறது. வண்டி, அதன்மேல் அமர்ந்தவர், பின்னால் இருக்கும் பிள்ளை, பையிலுள்ள சோற்றுப் பாத்திரம் ஆகிய அனைத்தும் அவ்விரண்டு உள்ளங்கை அகலத்தையே நம்பியுள்ளன. சாலையில் நீர் நிற்கும்பொழுது, ரப்பருக்கும் தரைக்கும் நடுவே நீர் புகுந்துவிடுகிறது. டயரில் வெட்டப்பட்டுள்ள பள்ளங்கள் அந்நீரை வாங்கிப் பக்கங்களில் வெளியேற்றும். பள்ளம் ஆழமாயின் நிரம்ப நீரை வெளியேற்றும். ஆழம் குறையக் குறைய அவ்வாற்றலும் குறையும். பள்ளமே இல்லையாயின் நீர் போக வழியின்றி நின்று, சக்கரத்தைத் தன்மேல் மிதக்கவிடும். மிதக்கும் சக்கரத்திற்கு பிரேக்கும் இல்லை. கைப்பிடியின் ஏவலும் இல்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் பந்தயத் தடம் ஒன்று உள்ளது. பந்தய வண்டிகள் பலவற்றில் பள்ளமே இல்லாத வழவழப்பான டயர்களைக் காணலாம். மணிக்கு இருநூறு கிலோமீட்டர் விரைவில் செல்பவர்க்கு ஆகும் வழவழப்பு, ஐம்பதில் செல்பவர்க்கு ஏன் ஆகாது? வினா நல்ல வினாவே. உலர்ந்த தரையில் பள்ளத்தால் பயன் ஏதுமில்லை. வழவழப்பான டயரில் ரப்பர் முழுவதும் தரையில் படிவதால் பிடிப்பு மிகும். ஆனால் அந்த டயர் அதற்கென்றே மென்மையான ரப்பரால் செய்யப்பட்டது. மழை தொடங்கினால் பந்தய வீரர் அதனைக் கழற்றிப் பள்ளமுள்ள டயரை மாட்டிக்கொள்வர். வேலைக்குச் செல்பவர்க்கு வழியில் டயர் மாற்றித்தர யாருளர்? காய்ந்த சாலை ஒரு பொய்ச்சாட்சி. சித்திரை வைகாசியில் மொட்டை டயரும் உறுதியாய் நிற்பதாகவே தோன்றும். அந்தச் சாட்சியத்தை நம்பியவர் ஆடி மாதத்து மாலை மழையில், எண்ணெயும் புழுதியும் குழைந்த சாலையில், முதன்முறை உண்மையை அறிகிறார்.

தேய்மானத்தில் இன்னொரு வகையும் உண்டு. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் செல்லும் சாலை பெரும்பாலும் நேரானது. நேர்ச்சாலையிலேயே நாள்தோறும் செல்லும் வண்டியின் பின் டயர், நடுப்பகுதியில் மட்டும் தேய்ந்து தட்டையாகும். புதிய டயரின் முகம் முட்டையோடு போல் வளைந்திருக்கும். அதனால்தான் வண்டி இயல்பாகச் சாய்ந்து திரும்புகிறது. நடுவில் தட்டையான டயரோ, சாயும்பொழுது ஒரு விளிம்பின்மேல் ஏறி இறங்குகிறது. வண்டி முதலில் திரும்ப மறுக்கும். பிறகு திடீரென விழுவதுபோல் சாயும். வண்டியோட்டி இதனை நாள்தோறும் சிறிது சிறிதாகப் பழகிக்கொள்வதால் குறையென்றே உணர்வதில்லை. அவ்வண்டியை ஒருநாள் இரவல் வாங்கி ஓட்டும் தம்பியே முதலில் உணர்வான்.

எனில், மாற்ற வேண்டிய காலத்தை எவ்வாறு அறிவது? டயரே அதனைச் சொல்கிறது. பள்ளத்தின் அடியில் ஆங்காங்கே சிறு மேடுகள் வார்க்கப்பட்டிருக்கும். அவை இருக்கும் இடத்தைக் காட்ட டயரின் பக்கச்சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்னும் எழுத்துகளோ ஒரு சிறு முக்கோணமோ பொறிக்கப்பட்டிருக்கும். டயரின் முகம் தேய்ந்து அம்மேட்டோடு சமமாகிவிட்டால் அதன் காலம் முடிந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, இரு சக்கர வண்டியின் டயர்ப் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது எனக் கூறுகின்றன. வங்கிகள் தரும் அட்டை ஒன்றின் கனம் ஏறத்தாழ அவ்வளவே.

ஆயினும் சட்டம் சொல்வது கடைசி எல்லையை. நல்ல நேரத்தை அன்று. காருக்கு நம் விதிகள் வகுத்த அளவு 1.6 மில்லிமீட்டர். ஜெர்மனியில் மோட்டார் சைக்கிளுக்கும் அதுவே அளவு. வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசியும் கார்த்திகையும் நனையும் நாட்டில், அட்டை இரண்டின் கனத்திற்குப் பள்ளம் குறைந்தபொழுதே, அதாவது மழைக்கு முன்பே, டயரை மாற்றிவிடுவது அறிவுடைமை. கடைசி ஒரு மில்லிமீட்டரில் மிஞ்சுவது சிறிது தூர ஓட்டமே. இடரில் பெரும்பங்கும் அங்கேதான் இருக்கிறது.

பின் டயர் முன்னதாகத் தேய்வது பெரும்பாலும் இயல்பு. அதனால் பலர் பின்னதை மாற்றிவிட்டு முன்னதை மறந்துவிடுகின்றனர். பிரேக்கை அழுத்தும்பொழுது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது முன் சக்கரமே. பின் சக்கரம் வழுக்கினால் ஓரளவு சமாளிக்கலாம். முன் சக்கரம் வழுக்கினால் நினைப்பதற்குள் வண்டி தரையில் கிடக்கும்.

பள்ளம் நிறைய இருந்தும் பயனற்றுப்போன டயர்களும் உள. வெயிலில் நிற்கும் வண்டியின் ரப்பர் காலப்போக்கில் இறுகி, பக்கங்களில் மெல்லிய வெடிப்புகள் தோன்றும். இறுகிய ரப்பர் சாலையைப் பற்றாது. டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3521 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் முப்பத்தைந்தாவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். ஐந்தாண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்றும், பத்தாண்டு ஆகிவிட்டால் பள்ளம் இருப்பினும் மாற்றிவிட வேண்டும் என்றும் தயாரிப்பாளர் சிலர் அறிவுறுத்துகின்றனர். பக்கச்சுவரில் புடைப்போ, ஆழ்ந்த வெட்டோ, வெளியே தெரியும் நூலிழையோ காணப்பட்டால் வயதை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அன்றே மாற்றிவிட வேண்டும்.

இரவு ஷிப்டு முடித்து வீடு திரும்பும் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். ஆலைக்குள் அவர் காக்கும் எந்திரத்தின் பட்டை அறுந்த பிறகு மாற்றப்படுவதில்லை. இத்தனை மணி நேரம் ஓடியதும் மாற்றுக என ஏட்டில் எழுதியிருக்கும்; அவரும் தவறாது மாற்றுவார். அதே கைகள் ஆலை வாயிலைக் கடந்ததும், கண்டெய்னர் லாரிகள் நெருக்கும் சாலையில், வழவழத்த டயர் பூட்டிய வண்டியின் கைப்பிடியைப் பற்றுகின்றன. இதற்கு அவரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. ஒரு டயரின் விலை, மாதக் கடைசியில் வீட்டு வாடகையோடும் பிள்ளைகளின் செலவோடும் போட்டியிடுகிறது. தலைக்கவசம் இன்றி வருவோரை வாயிலிலேயே தடுத்து நிறுத்தும் ஆலைகள் உண்டு. அது நல்ல வழக்கமே. அவ்வாயிலில் டயரையும் ஒருமுறை குனிந்து பார்த்து, தேய்ந்திருந்தால் புது டயருக்கு முன்பணம் தந்து, ஊதியத்தில் சிறுகச் சிறுகக் கழித்துக்கொண்டால் ஆலைக்கு என்ன குறைந்துவிடும்? தேர்ந்த தொழிலாளி ஒருவர் மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பதால் வரும் இழப்பு அதனினும் பெரிது.

மொட்டையான டயரில் சூடான கத்தியால் புதிதாகப் பள்ளம் கீறித் தருவோரும் ஆங்காங்கே உளர். பார்வைக்குப் புதிது போலத் தோன்றினும், எஞ்சியிருந்த சிறிதளவு ரப்பரும் அதனால் அறுபட்டு, உள்ளிருக்கும் இழைகள் வலுவிழக்கின்றன. மிச்சம் பிடிக்கும் வழிகளில் இதனினும் கேடானது வேறில்லை. மாறாக, வாரம் ஒருமுறை டயர் சூடேறுமுன் காற்றழுத்தத்தைச் சரிபார்ப்பது செலவின்றியே டயரின் ஆயுளை நீட்டும். காற்றுக் குறைந்தால் ஓரங்களும், மிகுந்தால் நடுப்பகுதியும் விரைந்து தேயும்.

உரிமம் பெறும் வயது வராத பள்ளிப் பிள்ளைகள் வண்டியை ஓட்டலாகாது. குனிந்து பார்க்கத் தடையில்லை. தந்தையின் வண்டியில் அந்தச் சிறு முக்கோணத்தைத் தேடுவதற்கு ஒரு நிமிடம் போதும். டயரை மாற்றும்பொழுது, டியூப் உள்ள வகையாயின் டியூபையும் சேர்த்து மாற்றுவதே முறை. புதிய டயரின் மேற்பரப்பு தொடக்கத்தில் வழுக்கும் தன்மையுடையது. ஆதலால் முதல் நூற்றைம்பது கிலோமீட்டர் வரையில் விரைவையும் சாய்வையும் அடக்கி, பிரேக்கை மெல்லென அழுத்தி, டயரைச் சாலைக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும்.