கழற்றப்போகிறவரை நினைத்துப் பூட்டுங்கள்

2009 மே 17. பூமிக்கு மேலே 500 கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்தில், ஹப்பிள் தொலைநோக்கியின் முன்னால் விண்வெளி வீரர் மைக் மாசிமினோ மிதந்துகொண்டிருந்தார். 2004-இல் செயலிழந்த ஒரு நிறமாலைக் கருவியைத் திறந்து, உள்ளிருக்கும் மின் அட்டையை மாற்றுவதுதான் வேலை. அதன் மூடியில் மட்டும் 111 திருகாணிகள். கழன்றவை மிதந்து போய்விடாமல் பிடித்து வைக்கவே தனிச் சாதனம் செய்திருந்தார்கள். ஆனால் வேலையை முடக்கியது அந்த 111-இல் ஒன்றல்ல. மூடிக்குக் குறுக்கே இருந்த கைப்பிடியைத் தாங்கிய நான்கு போல்ட்டுகளில் ஒன்றின் தலை தேய்ந்து, கழற்றும் கருவி வெறுமனே சுழன்றது.

தரையிலிருந்த பொறியாளர்கள் அதே போன்ற கைப்பிடியை வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, பிடுங்கிவிடச் சொன்னார்கள். சில்லுகள் பறக்காமல் ஒட்டுநாடா சுற்றி, மாசிமினோ அதைக் கையாலேயே இழுத்து ஒடித்தார். அதன்பின் 111 திருகாணிகளும் ஒழுங்காகக் கழன்று வந்தன.

மிக்ஸியின் அடிப்பகுதியிலும் கதவுக் கீலிலும் இதே போராட்டம் தினமும் நடக்கிறது. ஸ்க்ரூ ஸ்லிப் ஆனதும் மக்கள் தங்கள் கையை நொந்துகொள்கிறார்கள், அல்லது துருவைத் திட்டுகிறார்கள். உண்மையில் அந்தத் திருகாணி கழலுமா கழலாதா என்பது பெரும்பாலும் அதைப் பூட்டிய நாளிலேயே முடிவாகிவிடுகிறது. எந்தத் தலை, எந்த உலோகத்தோடு எந்த உலோகம், எவ்வளவு முறுக்கு என்பதையெல்லாம் தீர்மானித்தவர், பின்னாளில் அதைத் திறக்க வருபவரை நினைத்துப் பார்த்தாரா என்பதுதான் கேள்வி.

நம் ஊரில் 'ஸ்டார்' என்று அழைக்கப்படும் தலையையே பாருங்கள். அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. அதன் பள்ளத்துச் சுவர்கள் சாய்வானவை. முறுக்கு கூடினால் திருப்புளி மேலேறி வெளியே வழுக்கும். வழுக்கும் ஒவ்வொரு முறையும் பள்ளத்தைச் சுரண்டிக்கொண்டே வரும். ஜப்பானிய வண்டிகளில் இருந்ததோ பார்ப்பதற்கு அதே போன்ற, அளவில் சற்றே மாறிய வேறொரு கூட்டல் குறி. பல திருகாணிகளில் அடையாளமாகத் தலையில் ஒரு சிறு புள்ளிகூட உண்டு. அதில் பிலிப்ஸ் திருப்புளி அடிவரை இறங்காது. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பழைய மோட்டார் சைக்கிள்களின் எஞ்சின் மூடித் திருகாணிகள் சிதைந்து கிடப்பதற்கு மெக்கானிக்கின் அவசரத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அந்தப் புள்ளிக்கு என்ன பொருள் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த எஞ்சின் மூடியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மூடி அலுமினியம், திருகாணி எஃகு. நடுவே ஈரம் புகுந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கி, அலுமினியம் வெண்பொடியாக மாறி மரையை இறுக்கிவிடும். இதற்கு வழியும் அந்த உலோகத்திடமே உண்டு. ஒரு டிகிரி சூடு கூடினால் ஒரு மீட்டர் அலுமினியம் சுமார் 23 மைக்ரோமீட்டர் நீளும். எஃகு ஏறக்குறைய அதில் பாதிதான். ஆகவே சுற்றியுள்ள உலோகத்தைச் சூடாக்கினால் துளை திருகாணியைவிட அதிகம் விரிந்து பிடி தளரும். முதல் நாள் இரவே துருநீக்கும் எண்ணெய் விட்டு, காலையில் தலையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, அடிக்க அடிக்கத் திரும்பும் இம்பாக்ட் டிரைவரை வைக்கும் மெக்கானிக்கிடம் பெரும்பாலான திருகாணிகள் பணிந்துவிடும். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் இருந்தால் மட்டும் நெருப்பை நினைக்கவே கூடாது.

மரத்தில் சிக்கிய திருகாணியென்றால், சால்டரிங் அயர்னை அதன் தலையில் சற்று நேரம் வைத்து ஆறவிட்டுப் பார்க்கலாம். சுற்றியுள்ள மரத்தின் பிடி பெரும்பாலும் தளரும். பிளாஸ்டிக்கில் அந்தச் சூடு உருக்கிவிடும், எண்ணெய் பட்டால் சிலவகை பிளாஸ்டிக் விரிசல் விடும். அங்கே தேய்ந்த பள்ளத்தின் மேல் அகலமான ரப்பர் பேண்டை வைத்து, திருப்புளியை அழுத்தித் திருப்பிப் பார்க்கலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டும் நட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ அறுத்தெடுப்பதைத் தவிர பெரும்பாலும் வழியில்லை. பூட்டும்போதே மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவியிருக்க வேண்டும்.

பூட்டும்போதே கழற்றுவதை நினைக்கும் பழக்கம் எலும்பு அறுவை சிகிச்சை அரங்கில் இருக்கிறது. முறிந்த எலும்பில் பொருத்தும் டைட்டானியம் தகடுகள் சிலவற்றில் திருகாணியின் தலையே தகட்டின் மரைக்குள் பூட்டிக்கொள்ளும். கோணலாகவோ அளவுமீறியோ இறுக்கினால் பின்னர் எடுக்கும்போது சிக்கும். அதனால் குறித்த முறுக்கு வந்ததும் நின்றுவிடும் திருப்புளியை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். அந்த அக்கறை ஒரு மின்விசிறிக்கோ செல்பேசிக்கோ ஏன் கிடைக்கக் கூடாது?

செல்பேசியில் நடந்தது நேர் எதிர். ஐபோன் 4 காலத்தில் ஆப்பிள் தன் செல்பேசியில் புகுத்திய ஐந்திதழ்த் தலைக்கு அப்போது கடைத்தெருவில் எளிதில் திருப்புளி கிடைக்கவில்லை. பொருந்தாத கருவியோடு திறக்கப்போனவர்கள் தலையைச் சிதைத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரிச் சட்டம் 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயனரே கழற்றும்படி இருக்க வேண்டும் என்கிறது. சிறப்புக் கருவி தேவையென்றால் அதைப் பொருளோடு இலவசமாகத் தர வேண்டும். இந்தியாவிலும் பழுதுபார்க்கும் உரிமைக்கு 2022-இல் ஒரு குழு அமைக்கப்பட்டு, அதே ஆண்டு இணையதளமும் தொடங்கப்பட்டது. கையேடும் உதிரி பாகமும் முக்கியம்தான். ஆனால் திருகாணியே திறக்காவிட்டால் அவற்றை வைத்து என்ன செய்வது? சாதனத்தின் அடியில் திருகாணியின் வகையும் அளவும் அச்சிடப்பட வேண்டும். எங்கும் கிடைக்கும் தலைதான் போட வேண்டும். இரண்டையும் விதியாக்க அரசுக்குப் பெரிய செலவு ஏதுமில்லை.

பெரிய செலவு செய்தும் சிக்கியவர்கள் உண்டு. பென்னு குறுங்கோளிலிருந்து 2023 செப்டம்பரில் வந்திறங்கிய நாசாவின் கலத்தில் 35 பூட்டாணிகளில் இரண்டு கழலவில்லை. மாதிரி மாசுபடாமலிருக்க, கண்ணாடிப் பெட்டிக்குள் அனுமதிக்கப்பட்ட உலோகங்களில்தான் கருவி செய்ய வேண்டும். புதிய கருவிகளை வடிவமைத்து, ஒத்திகை பார்த்து, 2024 ஜனவரியில்தான் திறந்தார்கள். மொத்தம் கிடைத்தது 121.6 கிராம் மண்ணும் கல்லும்.

கதவுக் கீலுக்குத் திருகாணி போடும் முன் அதை மெழுகுவர்த்தியில் ஒருமுறை உரசிக்கொள்ளும் தச்சருக்குச் சில நொடிகள்தான் ஆகின்றன. பதினைந்து ஆண்டு கழித்து அந்தக் கதவைக் கழற்ற வருபவருக்கு அவர் யாரென்று தெரியாது. திருப்புளியை வைத்து அழுத்தித் திருப்புவார். திருகாணி இளகி வரும்.