அமராவதிப் படுகை நன்னீர் மீன்களைப் பதப்படுத்த ஆய்வு, பயிற்சி மையம் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர், திருப்பூர், ஆணையர், மீன்வளம் மற்றும் மீனவர் நலத் துறை, சென்னை.

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு, தாராபுரம் வட்டாரத்தில் மீன் பிடிப்போர், வளர்ப்போர், விற்போர் ஆகியோரைக் கொண்ட சங்கம் பணிவுடன் அளிக்கும் கோரிக்கை மனு.

மீனைக் கெடாமல் காத்துப் பதப்படுத்தும் ஆய்வு இந்நாட்டில் பெரும்பாலும் கடலோரத்தை ஒட்டியே வளர்ந்தது. கொச்சியில் 1957-இல் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும், தூத்துக்குடியில் 1977-இல் மீன்வளக் கல்லூரியும் தோன்றின. இத்தகைய ஆய்வின் துணையோடுதான் உறைய வைத்த இறால் நாட்டின் முதன்மையான கடலுணவு ஏற்றுமதியாயிற்று. அந்த உழைப்பைச் சங்கம் நன்றியோடு மதிக்கிறது. ஆயினும் அமராவதி அணையிலும் உப்பாற்றிலும் ஊர்க்குளங்களிலும் கிடைக்கும் ஜிலேபி, கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றுக்கு அந்த அறிவு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

கடல் மீன் கெடுவதை அளக்க உதவும் ட்ரைமெத்தில் அமீன் என்னும் நாற்றப்பொருள், அதற்கு மூலமான சேர்மம் நன்னீர் மீன்களில் பெரும்பாலும் குறைவு என்பதால், இவற்றுக்குச் சரியான அளவுகோலாவதில்லை. வயிறு நிறையப் பாசி தின்ற ஜிலேபி கரைக்கு வந்து வெயிலில் கிடந்தால், அதன் செரிமான நொதிகளே குடலையும் வயிற்றுச் சதையையும் கரைக்கத் தொடங்குகின்றன. செவுளின் சிவப்பு மங்குமுன்பே வயிறு குழைந்து, விரலால் அழுத்திய இடம் மேலெழாமல் பள்ளமாகவே நிற்கிறது. பிடித்தவுடன் குடல் நீக்கிக் கழுவி, மீனின் எடைக்குச் சமமாக நொறுக்கிய ஐஸ் இட்டால் இதே மீன் பல நாள் தாங்கும். ஆகவே மீன் இறக்கும் இடங்களுக்கு அருகிலேயே ஐஸ் ஆலையும் குளிர்காப்புப் பெட்டிகளும் வேண்டும் என்பதே சங்கத்தின் முதற் கோரிக்கை.

கோடையில் குளங்கள் ஒருசேர வற்றும்போது மீன் குவிந்து விலை சரிகிறது. அந்த வாரங்களில் மிஞ்சும் மீனைக் கருவாடாக்க இவ்வட்டாரத்தின் வெயிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் பெருந்துணையாகும். காங்கேயம் பகுதியில் தேங்காய்ப் பருப்பை உலர்களத்தில் காயவைக்கும் அனுபவம் தலைமுறையாக இருக்கிறது. ஆனால் மீனைத் தரையில் பரப்பினால் மணலும் ஈயும் சேரும் என்பதால், கொச்சி நிறுவனம் உருவாக்கியுள்ள சூரிய உலர்த்திகளை இங்கு நிறுவி, எந்த மீனுக்கு எவ்வளவு உப்பு, எத்தனை மணி நேரம் என்பதை உள்ளூர் மீனைக் கொண்டே ஆய்ந்து வகுத்துத்தர வேண்டும்.

கெண்டை வகைகளின் சதைக்குள் ஊடுருவியிருக்கும் நுண்முள்ளுக்கு அஞ்சிப் பலர் அவற்றை வாங்குவதில்லை. சதையை முள்ளிலிருந்து பிரிக்கும் இயந்திரம் ஒன்று கிடைத்தால், மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மீன் உருண்டை, கட்லெட், ஊறுகாய் செய்து விற்க வழி பிறக்கும். நீலப்பச்சைப் பாசியால் ஏறும் மண்வாடையை, விற்பதற்கு முன் மீனைச் சில நாள் தூய நீரில் விட்டுப் போக்கும் முறையையும் அவர்களுக்குக் கற்பிக்கலாம்.

பிணங்களைப் பாதுகாக்கப் பயன்படும் ஃபார்மலின் மீனில் கலக்கப்படுவதாக 2018-இல் எழுந்த அச்சத்தின்போது நேர்மையாக விற்றோரும் சந்தேகத்துக்கு ஆளாயினர். மத்திய நிறுவனம் உருவாக்கிய, சில நிமிடங்களில் முடிவு காட்டும் சோதனைப் பட்டைகள் வாரச்சந்தைகளில் கிடைக்க வேண்டும்.

மேற்கண்டவை அனைத்தையும் ஒரே இடத்தில் நடத்தத்தக்க மையத்தைத் தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் துணையுடன் தாராபுரத்தில் அமைக்கவும், கட்டடம் எழும்வரை காத்திராமல் வரும் கோடைக்குள் முதற்கட்டப் பயிற்சியைத் தொடங்கவும் ஆவன செய்யுமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள், தாராபுரம்.